முப்பத்தாறு மாதத் தவணையில் ஓர் இடதுகால்காரன்

பாரோ,
திருநீற்றுப் புதன், 6 மார்ச் 2019

அன்பு மகன் டொமினிக்குக்கு, மாதாவின் துணையை வேண்டி அம்மா எழுதுவது.

போன ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நம் சமையலறையில் இருந்தவர்கள் மூன்று பேர். மடிக்கணினிக்கு முன்னால் உன் அப்பா, எதிரே தன் கணினியோடு பக்கத்து வீட்டு நார்மன், அடுப்புக்கும் கணக்கு நோட்டுக்கும் நடுவில் நான். பூனையும் இருந்தது, ஆனால் அது சாட்சி சொல்லாது. இத்தனை திருத்தமாக எழுதுவதற்குக் காரணம், அன்று நடந்தது உண்மையில் நடந்ததுதானா என்று மூன்று நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

புது வீட்டுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இரண்டு ஞாயிறு, நீங்கள் மூவரும் அவரவர் கணினியில் ஆளுக்கொரு கற்பனைக் கால்பந்து கிளப்பை நடத்தும் அந்த ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்றாய். மருமகளைப் பளு தூக்க விடாதே. நீ வராததால் ஆட்டம் அசையாமல் நிற்கிறது. ஆனாலும் இவர்கள் இருவரும் பூசை முடிந்ததும் பழக்கம் விடாமல் கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள். நார்மன் தன் கிளப்பைப் பற்றிப் பீற்றிக்கொள்ள, அப்பா உன் கிளப்பின் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் உடம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாடிப்படியில் இப்போது இரண்டு இடத்தில் நிற்கிறார். இதய வால்வை மாற்றிவிட்டால் பல வருடம் இருப்பார், மாற்றாவிட்டால் ஒரு வருடம்கூட நிச்சயமில்லை என்று அக்டோபரில் டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். சம்மதப் படிவம் அன்றிலிருந்து கடிகாரத்துக்குப் பின்னால்தான் கிடக்கிறது. இந்த மாதம் இருபதாம் தேதிக்குள், அதாவது சூசையப்பர் திருநாளுக்கு மறுநாளைக்குள், கையெழுத்துப் போடாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். நான் வாய் திறந்தால், "வெல்டிங் அடிச்ச உடம்பு பெர்னி, இதுக்கு மேல ஒட்டுப் போட்டா தாங்காது" என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கிளப்பில் ஆஷ்டன் ஃபெல் என்று ஒரு இடதுகால் பையன் இருக்கிறானே, கணினியே பெற்றுப்போட்ட பதினேழு வயதுக்காரன், அவனை அப்பா தன் கிளப்புக்கு விலைக்குக் கேட்டிருக்கிறார். முப்பத்தாறு லட்சம் பவுண்டு. பன்னிரண்டு லட்சம் இப்போது, மீதி இருபத்துநாலு லட்சம் முப்பத்தாறு மாதத் தவணையில். ஐம்பது ஆட்டம் ஆடி முடித்தால் இன்னும் இரண்டு லட்சம்.

நார்மன் எட்டிப் பார்த்தான். "அம்பது மேட்ச்சா? அடேய் டெஸ், இவன் இப்ப ரிசர்வ் டீம்லகூட உருப்படியா ஆடல. அம்பது மேட்ச் வரைக்கும் யாருடா உக்காந்து பாக்கறது?"

"நான்தான் பாப்பேன். ஒவ்வொரு மேட்ச்லயும் உன்னத் தோக்கடிச்சுக்கிட்டே பாப்பேன், போதுமா?"

"போன வாரம் என்கிட்ட நாலு கோல் வாங்குன ஆளு பேசற பேச்ச பாரு!"

இதெல்லாம் என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஏறியது தவணை என்ற ஒரே சொல்தான். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள், வட்டிக் கணக்கை நூலகத்தில் உட்கார்ந்து நானே கற்றுக்கொண்டவள். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் துணி துவைக்கும் மெஷினைக்கூடக் காசு சேரும்வரை காத்திருந்துதான் வாங்கினேன். இல்லாத பணத்தை வாக்குக் கொடுப்பது கடவுளிடம் பொய் சொல்வதற்குச் சமம் என்று நினைப்பவள். அப்பாவின் கிளப் கணக்கும் என் சிவப்பு நோட்டில்தான் இருக்கிறது. இந்த சீசனில் ஒரு பென்னி கடன் கிடையாது என்று அருட்தந்தையிடமே பெருமை பேசியிருக்கிறேன்.

எனவே கரண்டியும் கையுமாகப் போய் நின்றேன். "என்ன டெஸ் இது? இந்த வீட்ல தவணைக்கு ஒரு கெட்டில்கூட வந்ததில்ல. மொதல்ல அத ரத்து பண்ணு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வழக்கமாக ஒரு சண்டையாவது போடுவார். அன்று, "சரிம்மா, விடு" என்று ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு மேலே போய்ப் படுத்துக்கொண்டார். நார்மன் தேநீரைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டான்.

நான் பெரிய வெற்றி பெற்றவளைப் போல நோட்டைத் திறந்தேன். ரத்தான விலையை அடிக்க வேண்டும் என்று பக்கத்தைப் புரட்டினால், டொமினிக், என் கையெழுத்திலேயே எனக்குத் தெரியாத ஒன்று எழுதியிருந்தது. அக்டோபரிலிருந்து அப்பா எடுத்தவர்கள் பதினோரு பேர். முப்பத்துநாலு வயது கோல்கீப்பர், இரவலாக வந்த இரண்டு பேர், முட்டி போன ஒரு தடுப்பாட்டக்காரன். எல்லாம் ரொக்கம். ஒப்பந்தம் முடியும் தேதி என்ற பத்தியில் பதினோரு வரியிலும் ஒரே தேதி: வருகிற ஜூன். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. அதைத்தான் நான் சிக்கனம் என்று எண்ணியிருந்தேன். ஊரைக் காலி செய்பவன் வாடகைக்கு எடுத்ததை எல்லாம் ஒரே நாளில் திருப்பிக் கொடுப்பதுபோல அவர் கணக்கை முடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அந்த மனிதர் ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக மூன்று வருடம் தள்ளி ஒன்றை விரும்பியிருக்கிறார். அதைத்தான் நான் கரண்டியோடு போய் நிறுத்தினேன்!

படியில் ஓடினேன். இந்த வயதில் எனக்கு அப்படி ஓட வரும் என்று அன்றுதான் தெரிந்தது. மடிக்கணினியை அவர் மடியில் வைத்து, மறுபடி கேள் என்றேன்.

"கடன் பாவம்னியே?"

"அத ஃபாதர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ அனுப்பு."

"மூணு வருஷம் கட்டணும் பெர்னி."

"கட்டு. நான் நோட்ல கோடு போடறேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். எனக்கு அந்தப் பையனின் ஓட்டம், குறுக்கே அடிக்கும் பந்து, எல்லாவற்றையும் அரை மணி நேரம் விளக்கினார், மூச்சு வாங்க வாங்க. அடுப்பில் கறியும் உருளைக்கிழங்கும் கருகிப் போயின. இரண்டு பேரும் கருகியதையே சாப்பிட்டோம், சந்தோஷமாக.

நேற்று காலை இன்னொன்று நடந்தது. மருத்துவமனை நர்சை அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். நான் கேட்கவில்லை, தானாகக் காதில் விழுந்தது. "ஆபரேஷன் பண்ணா எத்தன ஞாயித்துக்கெழம கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார முடியாது?" என்று கேட்டார். ஆறு என்றார்களாம். "ஆறுதானா?" என்று சொல்லிவிட்டு விரலை மடக்கி எண்ணினார். படிவம் இப்போது கடிகாரத்துக்குப் பின்னால் இல்லை, மேசையில் அவர் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. கையெழுத்து இன்னும் விழவில்லை. "டொமினிக் என்ன சொல்றான்னு பாப்போம்" என்று மட்டும் நார்மனிடம் சொன்னார். அந்த இடதுகால் பையனின் விலையைப் பற்றித்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்.

தொலைபேசியில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம். நார்மன் இன்றே தபாலில் சேர்க்கிறான், எட்டு நாளில் வரும் என்கிறான். நீ பதினேழாம் தேதி ஞாயிறு ஆட்டத்துக்கு வரும்போது அந்த விலை உனக்காகக் காத்திருக்கும். ஆட்டக்காரர்களை விற்கும்போது சொந்த அப்பனிடம்கூட முழு ரொக்கம் கேட்பவன் நீ. இந்த ஒரு தடவை கேட்காதே. உடனே சரி என்றும் சொல்லாதே, சந்தேகப்படுவார். கொஞ்சம் முறுக்கிக்கொள், ஒரு லட்சம் கூட்டிக் கேள், ஐம்பது ஆட்டத்தை எழுபது என்று மாற்று. மாதத்தை மட்டும் குறைத்துவிடாதே. நாற்பத்தெட்டு என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நோட்டில் பக்கம் இருக்கிறது.

உன் புது வீட்டின் ஒவ்வொரு வாசலிலும் தேவன் காவல் நிற்கட்டும்.

கடிதம் கையில் கிடைத்ததும், சரி அல்லது இல்லை என்று நார்மனின் எண்ணுக்கு ஒரு வரி அனுப்பு. சீக்கிரம் அனுப்பு.

உன் அம்மா,
பெர்னடெட்