தக்கை அசைந்த பிறகு

மச்சான்,

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் மண்புழு வாடை போகவில்லை. காலையில் உன் மகள் மலரையும் அவள் பெண் யாழினியையும் புவனகிரிக்கு அழைத்துப்போய், வெள்ளாற்றில் தூண்டில் போட்டுவிட்டு வந்தேன். நீ போன பன்னிரண்டு வருடத்தில் இன்றைக்குத்தான் அந்தக் கரையில் உட்கார்ந்தேன்.

மலர் இந்த யாழினி வயதில் இருந்தபோது நாம் முதன்முதலாக அங்கே போனோம். நீ சிப்காட்டில் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் இல்லாத ஞாயிறு, வேலைப் பையோடு வந்திருந்தாய். தக்கை லேசாக நடுங்கியதும் மலர் கழியைத் தூக்கப்போனாள். நான் தடுத்தேன். "பொறு கண்ணு, நல்லா கவ்வட்டும்." விடை தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு அவகாசம் கொடுத்தே பழகியவன் நான். தக்கை முழுக அமுங்கிய பிறகு இழுத்தாள். விரல் நீள ஜிலேபிக் கெண்டை. தூண்டில் முள் உதட்டில் இல்லை; நைலான் நரம்பு மீனின் வாய்க்குள் போய் மறைந்திருந்தது. நான் பிடித்து இழுத்தேன். செவுளில் ரத்தம் வந்தது. மலர் அழுத அழுகையில், மாடு கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இழுக்காதீங்க மாமா, கொடலோட வரும்" என்று மீனை வாங்கி, வாயோரமாக நரம்பை வெட்டித் தண்ணீரில் விட்டாய். அது ஒருக்களித்து மிதந்து போயிற்று.

"உங்க வாத்தியார் பொறுமையெல்லாம் இந்த மீனுக்கு ஆவாது மாமா. உதாரணம் சொன்னாதான உங்களுக்குப் புரியும்? தவழுற புள்ள சட்டப் பித்தான வாயில போட்டா, என்னதான் பண்ணுது பாப்போம்னு ஒக்காந்திருப்பீங்களா?"

சின்ன வாய்க்குச் சின்ன முள் என்று நான் வாங்கி வந்ததை ஒதுக்கிவிட்டு, காம்பு நீண்ட பெரிய முள்ளைக் கட்டினாய். அது எளிதில் உள்ளே போகாது; போனாலும் பிடித்து எடுக்கக் காம்பு வெளியே இருக்கும். முள் நுனியில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முனையைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கினாய். புழுவை நகமளவு கிள்ளி மாட்டினாய். நரம்பு தொய்யக் கூடாது, கழியைக் கீழே வைக்கக் கூடாது, தக்கை அசைந்ததும் இழுக்க வேண்டும். அடுத்த கெண்டை உதட்டில் மாட்டி வந்தது. ஒரே திருப்பில் விடுவித்து மலரிடம் காட்டினாய். "பாத்தியா, சிரிச்சிக்கிட்டே போவுது!"

அந்தப் பாடத்தை நான் மீனோடு நிறுத்திக்கொண்டேன்.

மலர் பிளஸ் டூ படித்த வருடம். சிதம்பரத்தில் உன் வீட்டு வாசலில் நின்று கேட்டாய். "எனக்கு ரெண்டு வாரமா வவுறு வலிக்குது மாமா. ஸ்கேன் எடுத்துரலாமா?"

"பரீட்சை நேரத்துல ஆஸ்பத்திரின்னா புள்ள பயந்துரும். முடியட்டும், நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

ஆற்றங்கரையைத் தவிர வேறெங்கும் அக்கா புருஷன் பேச்சை நீ மறுத்ததில்லை. இரண்டு மாதம் கழித்து டாக்டர் என்னைப் பார்த்து, "ஏன் இவ்ளோ நாள் விட்டீங்க?" என்றார். நீ முந்திக்கொண்டாய். "நாந்தான் சார் அசால்ட்டா இருந்துட்டேன்." மலரின் பரீட்சை ரிசல்ட் வருவதற்குள் போய்விட்டாய்.

இன்று யாழினியின் தக்கை அசைந்ததும் நான் "இழு, இழு!" என்று கத்தியதில் குழந்தை மிரண்டே போனாள். கெண்டை உதட்டில்தான் மாட்டியிருந்தது. அதை வாளியில் விட்டு அவள் அதோடு பேசிக்கொண்டிருந்தபோது, மலர் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"என் பரீட்சைக்காகத்தான அப்பா வலிய வெளிய சொல்லாம இருந்துச்சு. அந்த மார்க் ஷீட்ட எடுக்கறப்பல்லாம் கை கூசுது மாமா."

இப்படி ஒன்று அவளுக்குள் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"சொல்லாம இல்லம்மா. எங்கிட்ட சொன்னான். பரீட்சை முடியட்டும்னு நாந்தான் நிறுத்தி வெச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப, அப்பா ஆஸ்பத்திரிக்குப் போவணும்னுதான் இருந்துச்சா?"

"ஆமாம்மா. ஸ்கேன் எடுக்கலாமான்னு அவனேதான் கேட்டான்."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளையோடு வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், மச்சான். அவள் கல்யாணம் முடியட்டும், பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். என் தவற்றைத் தன்னுடையது என்று உன் மகள் இத்தனை வருடம் சுமந்திருக்கிறாள். அந்த இரண்டு மாதத்துக்காக உன்னிடம் தினமும் மன்னிப்புக் கேட்டுப் பழகிவிட்டேன். இந்தப் பன்னிரண்டு வருடத்துக்காக அவளிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.