கடல்நாய்மேல் போட்ட பழி

செப்டம்பர் 24

பள்ளியை விட்டதிலிருந்து அப்பாவின் கிழிந்த வலைகளைத் தைப்பதுதான் என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. பாறைத் தீவுகளருகே போட்டிருந்த வலை இன்று கந்தலாக வந்தது. “கடல்நாய் வேலை,” என்று என் முன்னால் போட்டுவிட்டுப் போனார்.

கடல்நாய் கடித்தால் வட்டமாக ஓட்டை விழும். மீன் தலை மட்டும் வலையில் தொங்கும். இது நீளக் கிழிசல். மிதவைக் கயிறு படகின் இன்ஜின் விசிறியில் சுற்றி அறுந்ததுபோல முறுக்கிக் கிடக்கிறது. பாறையை ஒட்டிப் படகு விடுபவன் தைலான் ஒருவன்தான். இஸ்மிர் நகரத்திலிருந்து வரும் பயணிகளுக்குக் கடல்நாய் காட்டுகிறவன். என் அக்கா நெர்மினுக்கு நிச்சயமானவன்.

செப்டம்பர் 25

சொல்லவில்லை.

செப்டம்பர் 29

அப்பாவைக் கூப்பிடத் தேநீர்க் கடை வாசல்வரை போனேன். உள்ளே அப்பாவோடு மீன் பிடிக்கிற ஹில்மி மாமா, “அது உன் வலையத் தின்னுது, நீ டீ குடிச்சிட்டு உக்காந்திருக்க. அதுக்கும் ஒரு டீ சொல்லேன்!” என்றார். ஒரே சிரிப்பு. அப்பா எழுந்துவிட்டார். “சுட்டுட்டு வந்து குடிக்கிறேன்.”

தைலானும் அங்கேதான் இருந்தான். “எனக்குச் சோறு போடுறதே அதுதான் மாமா,” என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னான். பிறகு தன் டீயை எடுத்துக் குடித்தான். நான் வாசலிலேயே நின்றேன்.

அக்டோபர் 2

“அக்கா, தைலான் படகு இருக்கே...”

“அதுக்கு என் பேரு வைக்கப்போறாராம்! என்னடி, என்ன சொல்ல வந்த?”

“ஒண்ணுமில்ல.”

“உனக்கு எப்பவுமே ஒண்ணுமில்லதான்.”

அக்டோபர் 6

காலையில் பாறைத் தீவுகள் பக்கம் ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தம்.

மதியம் வலை எடுக்க அப்பாவோடு போனேன். பாறைக் குகைக்குள்ளிருந்து குட்டியின் குரல். கைக்குழந்தை அழுவதுபோல. அப்பா இன்ஜின் வேகத்தைக் கூட்டினார். அப்போதுதான் என் வாய் திறந்தது – எல்லாம் முடிந்தபிறகு! “கிழிச்சது அது இல்லப்பா. தைலான் படகு.”

திரும்பாமலே சொன்னார்: “எனக்குக் கண்ணு இல்லையா, சோங்குல்? மாப்பிள்ளையோட சண்டை போட்டா உங்கக்கா கல்யாணம் நிக்கும். கடல்நாய்க்குக் கேக்க ஆளில்ல.”

அவருக்கும் தெரியும். நான் அன்றே சொல்லியிருந்தால்? தெரியாததுபோல இருக்க அவரால் முடிந்திருக்குமா?

அக்டோபர் 9

குகையில் சத்தம் இல்லை.

ஜூன் 14

நேற்று அக்காவுக்குக் கல்யாணம். இன்று உறவுக்காரர்களைத் தைலான் படகில் ஏற்றிப் பாறைத் தீவுகளைச் சுற்றினான். “கடல்நாய் எங்க, கடல்நாய் எங்க?” என்று பிள்ளைகள் விடவில்லை. நீர்மட்டத்தில் நனைந்து கிடந்த ஒரு கறுப்புக் கல்லைக் காட்டினான். “அதோ, தூங்குது. சத்தம் போடாதீங்க.”

எல்லோரும் போனைத் தூக்கினார்கள். அக்கா கைதட்டினாள்.

“அசையவே இல்லையே?” என்றார் மாப்பிள்ளையின் பெரியம்மா.

“வெயில்ல அப்படித்தான் கெடக்கும்,” என்றார் அப்பா.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். “என் கண்ணுக்குச் சரியாப் படல. உனக்குத் தெரியுதாம்மா?”

“தெரியுது,” என்றேன்.