முத்தையாபுரம் வீட்டை வாடகைதாரரே ஒத்திக்கு விட்டது

அனுப்புநர்:
செ. நூர்ஜஹான், எம்.எஸ்சி.,
க/பெ. ஜக்கரிய்யா,
கல்லூரி நூலகர்,
தூத்துக்குடி.

பெறுநர்:
வாடகை அதிகாரி அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: ஐந்து மாத வாடகை நிலுவை – வாடகைதாரர் என் வீட்டை எனக்குத் தெரியாமல் ஒத்திக்கு விட்டது – விசாரணை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முத்தையாபுரத்தில் என் பெயரில் உள்ள வீட்டை, துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டும் முத்துச்செல்வம் என்பவருக்கு 2024 ஜூன் முதல் மாதம் ஏழாயிரம் ரூபாய் வாடகைக்கு விட்டேன். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம். அதை முறைப்படி பதிவு செய்யவில்லை; 2025 ஏப்ரலில் முடிந்தபின் புதுப்பிக்கவும் இல்லை. தவறு என்னுடையது.

2. குடிவந்த வாரமே கேஸ் இணைப்புக்கு வேண்டும் என்று வீட்டு வரி ரசீதும் மின் அட்டையும் கேட்டார். நகல்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். எதற்காகக் கொடுக்கிறேன் என்று அவற்றில் குறிப்பிடவில்லை. எவரையும் எளிதில் நம்பாதவள் நான். அன்று மட்டும் தவறிவிட்டேன்.

3. 2025 மே முதல் வாடகை வரவில்லை. கேட்கும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும்: "டிரிப்புல கெடக்கேன் மேடம், திங்கக்கெழம போட்டுருதேன்." இப்படிப் பதினான்கு பதிவுகள் உள்ளன. ஒன்றில்கூட லாரிச் சத்தம் இல்லை. பலவற்றில் தொலைக்காட்சி ஓடுகிறது.

4. செப்டம்பர் 21 அன்று நேரில் சென்றேன். கதவைத் திறந்தவர் பேச்சிச்செல்வி. எனக்கு முன்பின் தெரியாதவர். வாடகை என்றதும், "வாடகையா? நாங்க ஒத்திக்குல்லா இருக்கோம். மூணு லட்சம் மொத்தமா குடுத்துருக்கு. நீங்க யாரு?" என்றார். என் வீட்டு வாசலில் நான் அடையாள அட்டை காட்ட வேண்டியதாயிற்று. அவர் விவரித்தபடி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் தனக்குக் கொடுத்திருப்பதாக முத்துச்செல்வம் சொல்லி, என் கையெழுத்துள்ள நகல்களைக் காட்டி, மூன்று ஆண்டுகளுக்கு ஒத்திப் பத்திரம் எழுதிப் பணத்தை வாங்கிக்கொண்டு மே மாதமே போய்விட்டார்.

5. பேச்சிச்செல்வியையும் நான் முழுதாக நம்பவில்லை. மூன்று லட்சம் கொடுப்பவர், வீட்டுக்காரரை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டாரா? ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை செய்யும் அவர் கணவருக்கு அவ்வளவு பணம் ஏது என்றும் கேட்டேன். நகை விற்ற ரசீதைக் காட்டினார். பத்திரத்துக்கு இரண்டு நாள் முந்தைய தேதி. ஆயினும் என் ஐயம் நீங்கவில்லை.

6. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து இட்டவர் தரகர் ராஜபாண்டி, முத்துச்செல்வத்தின் மைத்துனர். அவரே என்னைத் தேடி வந்து, "தண்ணி மோட்டார நிப்பாட்டிப் போடுங்க மேடம், ஒரு வாரத்துல தானா எறங்கிருவாவ" என்றார். குடும்பம் காலி செய்தால் பத்திரமும் அவர்களோடு போய்விடும் என்பதுதான் அவர் கணக்கோ என்று இப்போது நினைக்கிறேன். அன்று நினைக்கவில்லை. செப்டம்பர் 28 அன்று முழுநாளும் மோட்டாரை நிறுத்தி, சுவிட்ச் அறையைப் பூட்டினேன். அது சட்டவிரோதம் என்று தெரிந்தே செய்தேன். மறுநாள் காலை நானே போட்டுவிட்டேன். பேச்சிச்செல்வி இதுபற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது.

7. வெளியேற்றும் ஆணை வாடகை நீதிமன்றத்தின் பொறுப்பு என்று அறிவேன். அதற்கு முன், முத்துச்செல்வத்தையும் ராஜபாண்டியையும் அழைத்து விசாரித்து, பதிவில்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நான் செய்யவேண்டியதை எழுத்துமூலம் தெரிவிக்கக் கோருகிறேன். நிலுவை முப்பத்தைந்தாயிரத்தை முத்துச்செல்வத்திடம் மட்டுமே கேட்கிறேன். வீடு எனக்குத் திரும்ப வேண்டும். ஆனால் முத்துச்செல்வத்தின் மீது பேச்சிச்செல்வி கொடுக்கும் மோசடிப் புகார் காவல் நிலையத்தில் பதிவாகும்வரை அவரை வெளியேற்றும்படி நான் கேட்கவில்லை.

8. இம்மனுவை நேற்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் பத்தி முடிந்ததும், இதை எடுத்துவிடவா என்று கேட்டேன். "அது கெடக்கட்டும்க்கா. எம்மேல உள்ள சந்தேகத்தையும் சேத்தே விசாரிக்கட்டும்" என்றார். ஆகவே அதை நீக்காமல், அவர் கையெழுத்துடன் தங்கள் முன் வைக்கிறேன்.

இடம்: தூத்துக்குடி
நாள்: 06.10.2025

தங்கள் விசாரணையை எதிர்நோக்கும்,
செ. நூர்ஜஹான்

வாசிக்கக் கேட்டுக் கையெழுத்திட்டவர்:
பேச்சிச்செல்வி

இணைப்பு: வாடகை ஒப்பந்தம், ஒத்திப் பத்திரம், நகை விற்ற ரசீது (நகல்கள்), குரல் பதிவுகள் பதினான்கு.