இரண்டு விளக்கும் ஒரே கோட்டில்

பிப்ரவரி 5, வியாழன்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு வெட்கமான விஷயத்தையும்கூட. கட்டுரை எழுதும்போது அழகுக்காகப் பாதியை மாற்றிவிடுகிறேன் என்று பவானி மிஸ் சொல்கிறார். இதில் மாற்றமாட்டேன்.

இன்று ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை எங்கள் தேவனாம்பட்டினம் சமுதாயக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம். எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டும் வேலை எனக்கு. அட்டை இப்போதே என் பையில் இருக்கிறது. போன வாரம் அப்பா குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றியதிலிருந்து அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். "கண்ணக் காட்டிட்டு வா, அப்பறம் படகுல ஏறு."

பிப்ரவரி 6

அப்பா வலையைத் தைத்துக்கொண்டே கேட்டார். "அந்த அட்டையில கடைசி ரெண்டு வரி என்னாடி இருக்கு?"

அப்பா மூன்றாம் வகுப்பு வரைதான். ஊர்க்காரர்கள் முன்னால் எழுத்து தெரியாமல் தடுமாறக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. சொல்லிக்கொடுத்தேன். ர, ட, ப, ய, ம. பத்தே நிமிடத்தில் தப்பில்லாமல் ஒப்பித்தார்.

பிப்ரவரி 7

அப்பா பாஸ்! டாக்டரே தட்டிக்கொடுத்தார். அம்மாவின் தம்பி குப்பன் மாமா கடைசி வரியில் இரண்டு எழுத்தைக் கோட்டைவிட்டார். "வாத்தியாரம்மா, உங்கப்பனுக்குப் பருந்துக் கண்ணு. எனக்குத்தான் கண்ணாடி போட்டு ஜோடிக்கணும்போல" என்றார் என்னிடம். மாமாவின் மனைவி மகேஸ்வரி அத்தை, "போட்டுக்க, அப்பயாச்சும் வீட்டு வேல கண்ணுல படுதான்னு பாப்போம்" என்றாள்.

பிப்ரவரி 9

எங்கள் வீட்டு மாடியில் மணல் நிரப்பிய நீளப் பெட்டியில் ஒரு கம்பம், அதில் ஒரு வெள்ளை விளக்கு. பின்னால் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மேல் சிவப்பு விளக்கு. விடிவதற்கு முன் ஆற்று வாய்க்குள் நுழையும்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கவேண்டும். நின்றால் ஆழம். பிரிந்தால் மணல் திட்டு. திட்டு நகர நகர, குப்பன் மாமா கம்பத்தையும் இரண்டடி மூன்றடி நகர்த்தி நடுவார். சுக்கான் அப்பாவிடம்; படகின் முன்முனையில், அணியத்தில், வழி காட்ட மாமா. படகு கரையில் ஏறிய பிறகுதான் அம்மா விளக்கை அணைப்பாள். அதுவரை யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது.

எழுத ஒன்றுமில்லாததால் இதை எழுதினேன்.

பிப்ரவரி 14, சனி

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் படம் போட்டார்கள். பவானி மிஸ் எங்களை பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லியிருந்தார். அப்பா கொண்டுவந்து விட்டார். "இந்தா, இந்த பஸ்ஸுதான்" என்று ஏறச் சொன்னார். அது விருத்தாசலம் பஸ். அவ்வளவு பெரிய எழுத்து. நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

படம் பழைய போர்ப்படம். கடற்படை ஜெட் விமானிகள். கப்பல் மேலிருந்து விமானம் சீறிக் கிளம்பும்போதெல்லாம் பையன்கள் விசில். திரும்பி வந்து இறங்குவதுதான் கஷ்டம்; ஆடுகிற தளம், ஒரு வரிசை விளக்கு. ஒரு விமானிக்குக் கண் மங்குகிறது. சொன்னால் பறக்க விடமாட்டார்கள். பரிசோதனைக்கு முதல்நாள் அட்டையின் எழுத்தை எல்லாம் நண்பன் வாசித்துக்காட்ட, மனப்பாடம் செய்துகொள்கிறான்.

அதற்குப் பிறகு விசில் எதுவும் என் காதில் விழவில்லை.

கடைசியில் அவன் வரவில்லை. எரிபொருள் தீர்ந்திருக்கும் என்று கணக்குப்போட்டு, கேப்டன் தளத்து விளக்குகளை அணைக்கச் சொல்கிறார். நண்பன் பக்கத்திலேயே நிற்கிறான். வாயே திறக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நினைவு வந்தது. அப்பாவுக்கு எழுத்து தெரியும். இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாணப் பத்திரிகையை எழுத்துக்கூட்டி முழுதும் வாசித்தார். அன்று ஏன் அது எனக்கு நினைவு வரவில்லை? அப்பாவுக்கே சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

பிப்ரவரி 15

கேட்டுவிட்டேன். அப்பா வலையைக் கீழே வைத்தார்.

"ஒரு கண்ணு பொகையா இருக்கு. வெளக்கு ரெண்டு மூணாத் தெரியுது. மாசி மகம் முடியட்டும், பாண்டிக்குப் போயி ஆபரேசன் பண்ணிக்கிறேன். அம்மாகிட்ட சொல்லாத."

"மாமாகிட்டயாவது சொல்லுப்பா."

"அவங்கிட்டதான் சொல்லவே கூடாது. சுக்கானப் புடுங்கிடுவான். சுக்கான விட்டா நான் யாருடி?"

மாசி மகத்துக்கு இன்னும் பதினைந்து நாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 19

இன்னும் பதினொரு நாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மாமா கம்பத்தை நகர்த்த மாடிக்கு வந்தார். மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "உங்கப்பன் இப்பல்லாம் லைட்டப் பாக்கறதே இல்ல வாத்தியாரம்மா. என் முதுகையே பாக்கறாரு. நான் கைய எந்தப் பக்கம் காட்டறனோ அந்தப் பக்கம் திருப்பறாரு. என்மேல அம்புட்டு நம்பிக்க!" என்று சிரித்தார்.

வாய்வரை வந்தது. மாமா குனிந்து கம்பத்தைச் சுற்றி ஈர மணலை மிதித்துக்கொண்டிருந்தார். இருட்டில் மாமாவின் கை அப்பாவுக்குத் தெரியுமா?

நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 24

படகு கவிழ்ந்துபோச்சு. வாய்க்குள்ள நுழையறப்போ. திட்டுல ஏறி — அப்பா டீசல் கேனைப் பிடிச்சுக்கிட்டு கரைக்கு வந்துட்டார். மாமா வரல. மாமாவக் காணோம்.

பிப்ரவரி 25

பக்கத்து ஊர்ப் படகுகளும் தேடுகின்றன. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். போலீஸ் கேட்டாலும், ஊர் கேட்டாலும், "அல ஜாஸ்தி" என்கிறார். பொய் இல்லை. அலை அதிகம்தான்.

மாடி விளக்கு பட்டப்பகலில் எரிகிறது. அப்பா வந்துவிட்டாலும் அம்மா அணைக்கவில்லை. படகு இன்னும் கரையேறவில்லையே.

பிப்ரவரி 28

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். விளக்கு எரிகிறது.

மார்ச் 2

மாசி மகம். எல்லா ஊர்ச் சாமியும் எங்கள் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வந்தன. மேளச்சத்தம் வீட்டுக்குள் வரை கேட்டது. நாங்கள் போகவில்லை. அப்பா பாண்டிக்கும் போகவில்லை.

படத்தில் அந்த நண்பன் கடைசிவரை சொல்லாமல் இருந்தது பெருந்தன்மை என்று வகுப்பில் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மார்ச் 3

மகேஸ்வரி அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அட்டை, ஒப்பித்தது, பதினைந்து நாள், கம்பம் நட்ட அன்று நான் வாய் திறக்காதது. அப்பா உள்ளேதான் இருந்தார். கேட்டிருப்பார்.

அத்தை அழவில்லை. என்னை அடிக்கவுமில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "உங்க மாமாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது அத்தை."

"தெரிஞ்சிருந்தா ஏறியிருக்க மாட்டாரு" என்று தனக்குள் சொன்னாள். பிறகு எழுந்து எங்கள் மாடிப்படி ஏறினாள். அம்மா தடுக்கப்போய், பாதியில் நின்றுவிட்டாள்.

காலை பதினொன்றே கால். நல்ல வெயில். சுவிட்சின் சத்தம் கீழே வரை கேட்டது. அத்தை விளக்கை அணைத்துவிட்டாள்.