லக்வீர் பெயருக்கு வந்த வார்த்தை

அன்பு மகள் சிம்ரத்துக்கு, அப்பா எழுதுவது. வாஹேகுரு கருணையால் ஊரில் உன் அம்மாவும் இங்கே முகாமில் நானும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். இத்தாலியில் குளிர் தொடங்கியிருக்கும், மாட்டுப் பண்ணை வேலைக்கு இனிப் போகாதே, மாப்பிள்ளை முகத்தைத் தூக்கினால் நான் சொன்னதாகச் சொல். பிள்ளை பெற்றவளுக்கென்று அம்மா நிறைய நெய் விட்டுப் பஞ்சீரி கிளறப் போகிறாளாம், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புவாள்.

எங்கள் பட்டாளம் இந்த வாரம் பனிமலைக் காவலுக்கு ஏறுகிறது. போகிற பிள்ளைகளைத் தேற்றி அனுப்பத்தானே கியானி, மதபோதகர் என்று எனக்குச் சம்பளம், மாலையானால் குருத்வாராவில் ஒவ்வொருவனாக வந்து உட்காருகிறான், ஒருவன் மனைவியோடு போட்ட சண்டையைச் சொல்கிறான், ஒருவன் ஒன்றும் சொல்லாமல் அழுகிறான். அவர்களைத் தேற்ற வேண்டிய நானே கெடுத்துவிட்டேன் மகளே. ஞாயிற்றுக்கிழமை அர்தாஸ் பிரார்த்தனையில் எல்லோரும் கைகூப்பி நிற்க, முதலில் ஏறுகிறவர்களைப் பெயர் சொல்லிக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டு வந்தேன். லக்வீர் பெயர் வந்தது. என்னோடு பட்டாளத்தில் இருந்த நம் பல்காரின் மகன்தான், சின்ன வயதில் உன் சைக்கிளை உடைத்தானே, அவன். பல்கார் இதே பனிமலைக் காவலில் செத்ததிலிருந்து வருஷா வருஷம் அவன் பெயரைச் சொல்லி 'உன் திருவடியில் இடம் கொடு' என்று வேண்டிப் பழகிய வாய், மகன் பெயருக்கும் அதையே சொல்லிவிட்டது. செத்தவனுக்குச் சொல்வதை உயிரோடு நிற்கிறவனுக்குச் சொல்லிவிட்டேன். உடனே திருத்திச் சொன்னேன், யார் காதிலும் ஏறவில்லை. சகுனம் பார்க்காதீர்கள் என்று இத்தனை வருஷம் போதித்தவன் நான், ஆனாலும் லங்கர் சாப்பாட்டுப் பந்தியில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள், அவன் ரொட்டியைத் தொடவில்லை. வாயை எங்கே அடகு வைத்தீர்கள் என்று சுபேதார் மேஜர் கேட்டார். பிறகு அதிகாரியிடம் கெஞ்சி அவனைக் கீழேயே நிறுத்திக்கொள்ள அனுமதி வாங்கிக்கொண்டு அவனிடம் போனேன். துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"கியானிஜி, நான் கீழ நின்னா என் இடத்துக்கு இன்னொருத்தன் போவான். அந்த வார்த்தை அவன் தலையில விடியும். வேணாம், என்கிட்டயே இருக்கட்டும்."

நேரே பட்டாளத்து டாக்டரிடம் போனேன். அவன் குழுவோடு நானும் ஏறுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டா என்று டாக்டர் சிரித்தார், பிறகு சிரிக்காமல் சம்மதித்தார். அம்மாவிடம் நீ சொல்லாதே, நானே சொல்கிறேன். அதனால் பிள்ளைக்குப் பெயர் வைக்க நான் வர முடியாது. அங்குள்ள குருத்வாராவில் கிரந்தத்தைத் திறக்கச் சொல், முதலில் வரும் எழுத்தில் பெயர் வை, எந்த எழுத்தானாலும் எனக்குச் சந்தோஷம். காதைக் கம்பளியால் மூடிக்கொள், ஈரத்தரையில் நடக்காதே.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். அன்றிலிருந்து உன் பெயரை வாய்விட்டுச் சொல்லப் பயமாயிருக்கிறது அம்மா. காலை அர்தாஸில் உன் இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ நன்றாயிரு, பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், தாயும் பிள்ளையும் நெடுங்காலம் உயிரோடிருங்கள். இந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டுகிறேன்.

உன் அப்பா,
நிஹால் சிங்