நீள லென்ஸ் வாங்கவில்லை

அன்புள்ள மனைவிக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. இங்கே நானும் மகளும் நலம். நீயும் உன் வார்டில் படுத்திருப்பவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் நடுவில் நம் வாலு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவள் தூங்கப் போவதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. மெசேஜில் நான் சண்டை போட்டால், சிரிக்கிற பொம்மையைப் போட்டு என் வாயை அடைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது.

முதலில் கேமரா விஷயம். உயிரை வாங்கிவிட்டாய், போ. போனில் எடுத்த படத்தில் பிள்ளை முகம் மங்கலாக இருக்கிறது, நல்ல கேமரா வாங்குங்கள் என்றாய். சரி என்றேன். ஒரு மாடலைச் சொன்னாய். கடைக்குப் போய் விசாரித்து வந்தால், உன்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் வேறொன்றைச் சொன்னாள், அதைப் பாருங்கள் என்றாய். அதையும் பார்த்து வந்தால், உள்ளே படம் பதிகிற சென்சார் பெரியதாக இருக்க வேண்டும் என்று எங்கோ படித்தாயாம். நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், ஏறி இறங்குவது எனக்குப் பழக்கம்தான். அதற்காக இப்படியா அலையவிடுவாய்?

கடையில் ஒரு பெண் இருக்கிறாள். நல்ல பொறுமைசாலி. மிரர்லெஸ் என்றால் என்ன என்று கேட்டேன். பழைய கேமராக்களுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும், இதில் அது இல்லை, அதனால் கனம் குறைவு என்றாள். "ஒரு சாமானைக் கழட்டிட்டீங்க, அப்போ விலையும் குறையணுமே" என்றேன். இதையே நிறைய பேர் கேட்டிருப்பார்கள் போல, அவள் சிரிக்கவே இல்லை. ஆனால் ஓடுகிற பிள்ளையின் கண்ணை அந்தக் கேமரா தானே தேடிப் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினாள். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. நம் வாலு ஓரிடத்தில் நிற்கிறவளா என்ன? அதையே வாங்கிவிட்டேன்.

வம்பு லென்ஸில் வந்தது. எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ்தான் வேண்டும், முகம் அழகாக வரும், பின்னால் இருப்பதெல்லாம் கலங்கிவிடும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். கிட்ட நின்றே முழு உருவமும் வரும், வீட்டுக்குள் எடுப்பதற்கு முப்பத்தைந்துதான் சரி என்று கடைப்பெண் எவ்வளவோ சொன்னாள். "வீட்ல சொல்லி அனுப்பிட்டாங்கம்மா" என்று நீ கேட்டதையே வாங்கி வந்தேன். பிள்ளையை சோபாவில் உட்காரவைத்தேன். எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தால் ஒரு மூக்கும் இரண்டு கன்னமும்தான் தெரிகிறது. பின்னால் போனேன், போனேன், வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில் போய் இடித்துக்கொண்டேன். அங்கிருந்துதான் முழு உருவம் வந்தது. அதற்குள் அவள் இறங்கி, "அப்பா எங்க போற, நானும் வரேன்" என்று அழுதுகொண்டே பின்னால் வந்துவிட்டாள். உனக்கு அனுப்பிய அழுமூஞ்சிப் படம் அதுதான். நீ அதற்கு 'சூப்பர்' என்று பதில் போட்டாய்.

நம் கூடம் எவ்வளவு அகலம் என்பதே உனக்கு மறந்துவிட்டதா? நீ தினமும் பெருக்கிய கூடம் அது. சோபாவை இழுக்காமல் பீரோவைத் திறக்க முடியாது என்று நீதானே என்னோடு மல்லுக்கு நிற்பாய்? அப்புறம் இந்தக் கலங்கல். பின்னால் எல்லாம் கலங்கினால் மடிக்காமல் கிடக்கும் துணி தெரியாது, அது எனக்கு லாபம்தான். ஆனால் அவள் கதவில் ஒட்டிவைத்திருக்கும் ஸ்டிக்கரும் தெரியாது, அவளே நாற்காலி போட்டு ஏறி விளக்கைப் போடுகிற சுவிட்சும் தெரியாது. அவள் முகம் மட்டும் போதுமா உனக்கு? எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் லென்ஸை மாற்றப் போனேன். மாற்றித் தருவதாகச் சொல்லித்தான் கடைப்பெண் கொடுத்திருந்தாள். அவள் முப்பத்தைந்தை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தபோது உன் மெசேஜ் வந்தது. "அப்படியே அந்த நீள லென்ஸையும் வாங்கிடுங்க. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல பாப்பா ஓடுறப்போ தூரத்துல இருந்து எடுத்து எனக்கு அனுப்பலாம்" என்று எழுதியிருந்தாய். நானும் பூம்பூம் மாடு மாதிரி அதைக் காட்டச் சொன்னேன். பாப்பா எந்த வகுப்பு என்று கேட்டாள். இனிமேல்தான் பள்ளிக்குப் போகப்போகிறாள் என்றேன். "அப்போ இன்னும் நாள் இருக்கே சார், இப்பவே எதுக்கு?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளி திறப்பதற்கு முன்பே உன் ஒப்பந்தம் முடிகிறது. முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாய். வந்துவிட்டால் அவள் ஓடுவதை என் பக்கத்தில் உட்கார்ந்து நீயே பார்ப்பாய். பிறகு யாருக்கு நான் படம் எடுத்து அனுப்புவது? கடைப்பெண் ஏதோ விளக்கிக்கொண்டே இருந்தாள். என் காதில் ஒன்றும் ஏறவில்லை.

வார்டுக்கே உன்னைப் பொறுப்பாளர் ஆக்கப்போகிறார்கள் என்று போன மாதம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். நானும் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோன கதைக்குப் போய்விட்டேன். அது இதற்குத்தானா? நீ கெட்டிக்காரி, அந்தப் பொறுப்பு உனக்குத் தகும். அதில் எனக்குப் பொறாமை கிடையாது, நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். ஆனால் ஒப்பந்தத்தை நீட்டித்து இன்னும் இரண்டு வருடம் அங்கே இருக்க முடிவு செய்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், லென்ஸ் வாங்கச் சொல்கிறாயே, அதுதான் வயிற்றெரிச்சல். நான் என்ன, உனக்குப் படம் எடுத்து அனுப்பும் ஆளா? இல்லை, நானாக எதையோ நினைத்துக் குழப்பிக்கொள்கிறேனா? அப்படியானால் என்னைத் திட்டு. திட்டு வாங்க ஆசையாக இருக்கிறது.

நீள லென்ஸை வாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு முப்பத்தைந்தோடு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளையை அக்கா வீட்டில் விட்டுவிடுகிறேன். நீ கூப்பிடு. புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாயா இல்லையா, சுற்றி வளைக்காமல் சொல். போட்டுவிட்டேன் என்றால் நான் கத்துவேன். கத்தட்டும் என்று விடு, போனை மட்டும் வைத்துவிடாதே. கத்தி முடித்ததும் மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று இருவருமாக யோசிப்போம். இன்னும் போடவில்லை என்றால், என்னிடம் பேசும் வரை பேனாவைத் தொடாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று சீருடைக்கு அளவு கொடுக்கக் கூட்டிப்போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை அவள் அம்மாவோடு நின்றாள். இவள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பள்ளிக்கூடம் போகும் முதல் நாள் அம்மா வருமா என்று என்னைக் கேட்டாள். நானும் யோசிக்காமல், "வரும்டா கண்ணு" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். அவள் அதை டெய்லரிடம் சொன்னாள், டெய்லரின் மனைவியிடம் சொன்னாள், வரும் வழியில் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. உன் கையைக் காலாக நினைத்துக் கேட்கிறேன், பிள்ளையிடம் என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் கணவன்