மூங்கிலுக்கு இரண்டு பங்காளிகள்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். இங்கே நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? மகளுக்கு எட்டாம் மாதம் ஆயிற்றே, கால் வீக்கம் வற்றியதா?

இந்த வெளிநாட்டு மிருகக்காட்சி சாலையில் நான் தீனி வைக்கும் பாண்டாக் கரடியும் உங்களைப் போலத்தான், உட்கார்ந்த இடத்திலேயே நாள் முழுக்கத் தின்னும். போன வாரம் அதன் மூங்கில் இலைகளுக்கு அடியில் செம்மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. செடி டாக்டரம்மா அதை லென்ஸில் காட்டினார்.

"இது துரு நோய், அக்கா. ஒரு பூஞ்சை. இதுவும் மூங்கிலைத் தின்னுதான் உசிர் வாழுது."

"அப்ப இதுக்கு மட்டும் ஏம்மா மருந்தடிக்கிறீங்க? அந்தக் குண்டன் தினம் ஒரு கட்டு காலி பண்றான், அவனுக்குப் பொறந்தநாள் கேக் வெட்டுறீங்க!"

"இதைப் பாக்க யாரும் டிக்கெட் வாங்க மாட்டாங்களேக்கா!" என்று சிரித்துவிட்டார். கரடி தின்ற மூங்கில் மறுபடி துளிர்க்குமாம், பூஞ்சையோ தோப்பு முழுக்கப் பரவுமாம். எனக்கு இரண்டும் பங்காளிகளாகத்தான் தெரிகின்றன. மூங்கில் போனால் இரண்டும் பட்டினிதானே?

நோய் பிடித்த இலையைக் கண்ணால் பார்த்தே கழிப்பதில் நான் கெட்டிக்காரியாம். அதனால் நோய் ஒழியும்வரை எனக்கு லீவு இல்லை என்றுவிட்டார்கள். பிரசவத்துக்கு நீங்கள்தான் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பயப்படாதீர்கள், வலி அவளுக்குத்தான்.

குழந்தையைச் சுற்ற, கிளம்பும் அன்று நான் அவிழ்த்துப்போட்ட பருத்திச் சேலையை எடுத்து வையுங்கள். வெந்நீரில் அலசினால் போதும், சோப்பு வேண்டாம். என் வாசம் கொஞ்சம் இருக்கட்டும்.

மூங்கில் லாரி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் வாயாடி